பழைய டோபோ தாள்களைக் காப்பாற்றி மின்வடிவமாக்குவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் ஊர்க் கண்மாய் முன்பு எவ்வளவு தூரம் பரந்திருந்தது, அதற்கு வரத்துக்கால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினால், பெரும்பாலும் பழைய டோபோ தாளில், அதாவது நில அமைப்பை அளந்து வரைந்த அரசு வரைபடத்தில்தான் வந்து நிற்பீர்கள். ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத்தில் அடக்கிய அந்தத் தாள்களில் கரை, கலுங்கு, ஓடை, வண்டிப்பாதை, தோப்பு என எல்லாமே அளந்து வரையப்பட்டிருக்கின்றன. தாள்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன; பல தாள்கள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றி, கணினியில் இன்றைய நிலத்தின்மேல் சரியாகப் பொருத்தும் வேலையை நாங்கள் சில நண்பர்கள் சிவகங்கை மாவட்டத்துத் தாள்களில் செய்துவருகிறோம். முழு வழியையும் ஒரே இடத்தில் சொல்லித் தர யாரும் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். டோபோ தாளில் படம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதைச் சுற்றியுள்ள ஓரம். எந்த ஆண்டில் அளந்தார்கள், எந்த ஆண்டில் அச்சிட்டார்கள், அட்ச தீர்க்க எண்கள், குறியீட்டு விளக்கம் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கின்றன. ஓரம் போன தாள் வயது தெரியாத தாள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்த ஓரத்துக்கு ஏதாவது ஓர் ஆபத்து காத்திருக்கிறது.

1. தாள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

"எங்கள் ஊர் வரைபடம் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். தாள் எண்ணோடு போங்கள். அதைக் கணக்கிட ஐந்து நிமிடம் போதும்.

சர்வே ஆஃப் இந்தியா என்று எல்லோரும் அழைக்கும் இந்திய நில அளவைத் துறை, நாட்டை 4 பாகைக்கு (டிகிரி) 4 பாகையாகக் கட்டம் பிரித்து எண் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58-ஆம் கட்டத்தில் வருகிறது. வடக்கு அட்சம் 8 முதல் 12 வரை, கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80 வரை அதன் எல்லை. அந்தக் கட்டத்துக்குள் ஒரு பாகைச் சதுரங்கள் 16. அவற்றுக்கு ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு ஆங்கில எழுத்துகள். மேற்கு மூலையின் உச்சியில் தொடங்கி மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பத்தியாகப் போக வேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் அதே முறையில் 15 கலைக்கு 15 கலைத் தாள்கள் 16 (ஒரு பாகைக்கு 60 கலை). இந்தத் தாள்தான் ஓரங்குலத் தாள்.

மதுரை நகரம் 78 பாகை 7 கலைத் தீர்க்கத்தில், 9 பாகை 55 கலை அட்சத்தில் இருக்கிறது. அது 58 கே சதுரம். அதில் முதல் தாள். எனவே 58 கே/1. சிவகங்கை நகரம் 58 கே/5, அதுவும் தாளின் கிழக்கு ஓரத்தை ஒட்டி. இப்படி ஓரத்தில் விழும் ஊர்களுக்குப் பக்கத்துத் தாளையும் சேர்த்தே எடுங்கள். சிவகங்கைக்கு 58 கே/9 இல்லாமல் பாதிக் கண்மாய்கள் அறுந்து நிற்கும்.

58 கே/5 என்றே எழுதியிருந்தால் ஓரங்குலத் தாள் அல்லது பிற்காலத்து ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள மெட்ரிக் தாள். எண்ணுக்குப் பதிலாக வடமேற்கு, தென்கிழக்கு என்று திசைக் குறிப்பு இருந்தால் அரை அங்குலத் தாள். வெறும் 58 கே என்றால் கால் அங்குலம். கண்மாய் வேலைக்கு ஓரங்குலம்தான் வேண்டும். கால் அங்குலத் தாளில் சிறு ஊருணிகள் விடுபட்டிருக்கும். அதை நம்பி "இங்கே ஊருணியே இருந்ததில்லை" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2. தாள் எங்கே கிடைக்கும், கையில் என்ன வேண்டும்

புதிய தாளுக்கு அலைய வேண்டாம். திறந்த வரிசை எனப்படும் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள தாள்களை இந்திய நில அளவைத் துறையின் இணையவாசலில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். ஒப்பிட அது கட்டாயம் தேவைப்படும். அதில் தாள் எண் முறை வேறு என்பதால் பழைய எண்ணைக் கொடுத்துத் தேடினால் வராது. ஊர்ப் பெயரைக் கொண்டோ மாவட்டத்தைக் கொண்டோ தேடுங்கள்.

1950-களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு வெளியிட்ட யு502 என்ற வரிசையும் உதவும். அளவு இரண்டரை லட்சத்துக்கு ஒன்று. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அதை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஆறு, பெருங்கண்மாய், சாலை அமைப்பை ஒரு பார்வையில் காண அது போதும். சிறு நீர்நிலைக்குப் போதாது.

பழைய ஓரங்குலத் தாள்களுக்குத்தான் கால் தேய வேண்டியிருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய கல்லூரிகளின் புவியியல் துறைகள், பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வீடுகள், மறைமாவட்ட அலுவலகங்கள், மலைத்தோட்டங்களின் பழைய அலுவலகங்கள் ஆகியவற்றில் தேடுங்கள். என் அனுபவத்தில் புவியியல் துறை அலமாரிகள்தான் முதலில் பார்க்க வேண்டியவை. மாணவர்களுக்குப் பயிற்சி தர வாங்கிய தாள்கள் அங்கே கட்டுக்கட்டாக இருக்கும். கட்டடம் இடம் மாறும்போது முதலில் வெளியே தள்ளப்படுவதும் அவைதான்.

அலுவலகத்துக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: நீங்கள் சார்ந்த கல்லூரி அல்லது அமைப்பின் கடிதம், அடையாள அட்டையின் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், தாள் எண்களின் பட்டியல் இரண்டு பிரதி. கடிதத்தில் "பார்வையிட" என்று மட்டும் எழுதாதீர்கள். "பார்வையிடவும், படியெடுக்கவும், மின்வடிவமாக்கவும்" என்று மூன்றையும் எழுதுங்கள். பார்வையிட மட்டும் அனுமதி வாங்கிவிட்டால் படியெடுக்க மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இரண்டு சொற்களுக்காக ஒரு மாதம் போய்விடலாம்.

தனியார் வீட்டில் வாங்குகிறீர்கள் என்றால் உறவும் நட்பும் இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தெந்தத் தாள், வாங்கும்போது நிலை என்ன, எப்போது திருப்பித் தருவீர்கள், மின்பிரதியை வெளியிடச் சம்மதமா என்பவை அதில் இருக்கட்டும். வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த கிழிசல் யாருடையது என்ற பேச்சு பிறகு எழாது.

3. உரிமையையும் முத்திரையையும் பாருங்கள்

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீட்டின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் இருக்கும். 1950-இல் வெளியான தாளின் உரிமை 2010 முடிவோடு தீர்ந்தது. இங்கேதான் ஓரம் முதல்முறை கைகொடுக்கிறது. அளவெடுத்த ஆண்டு 1920 என்று மேலே இருக்கும். கீழே பார்த்தால் திருத்திய பதிப்பு 1970-களில் வந்ததாக இருக்கும். 60 ஆண்டு எண்ண வேண்டியது வெளியான ஆண்டிலிருந்து. உரிமை தீராத தாளைப் பாதுகாப்புக்காக ஸ்கேன் செய்து வைப்பது வேறு, ஊருக்கெல்லாம் வெளியிடுவது வேறு. வெளியிட எழுத்துமூல அனுமதி வாங்குங்கள்.

கடற்கரை, எல்லைப் பகுதித் தாள்களில் "ரெஸ்ட்ரிக்டெட்" என்ற முத்திரை இருக்கலாம். நிலத்தரவு விதிகள் 2021-இல் பெரிதும் தளர்ந்தன என்பது உண்மை. ஆனாலும் அந்த முத்திரை உள்ள தாளை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் துறைக்குக் கடிதம் எழுதிப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கம் வேலை செய்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

4. தாளைத் தொடும் முன்

காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய தாளைப் பிரிக்காதீர்கள். ஈரக்காற்றில் தாள் உப்பும், பூஞ்சணம் பரவும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஸ்கேன் செய்யும் கடைக்கு மட்டும் மார்ச் கடைசியில் போக வேண்டாம். ஒப்பந்தக்காரர்கள் கணக்கு முடிக்கும் நேரம். உங்கள் தாளை அவசர அவசரமாக ஸ்கேனர் உருளையில் தள்ளிவிடுவார்கள்.

மேசை பெரிதாக இருக்கட்டும். தாள் ஓரத்தோடு சேர்த்துச் சுமார் இரண்டடி அகலமும் இரண்டேகால் அடி நீளமும் வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டால் போதும். நூல் கையுறை கிழிந்த ஓரத்தில் மாட்டி இன்னும் கிழிக்கும். மெல்லிய மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தூசியைத் தள்ளுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் அந்தத் தாளைத் தனியே வையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வாயால் ஊதாதீர்கள்.

செய்யவே கூடாதவை மூன்று.

லேமினேஷன். யார் எவ்வளவு நல்ல எண்ணத்தில் சொன்னாலும் வேண்டாம். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாளோடு கலந்துவிடும்; பிறகு பிரிக்க முடியாது. மாற்றாகப் பாலியெஸ்டர் ஃபிலிம் இரண்டு வாங்கி, நடுவில் தாளை வைத்து, தாளில் படாமல் ஃபிலிமின் விளிம்பை மட்டும் ஒட்டுங்கள். எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

செல்லோடேப். கிழிசலுக்கு ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். பசையோடு சேர்ந்து அச்சும் வந்துவிடும். முக்கியமான தாள் என்றால் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம், தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் தாள் பாதுகாப்பு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஓரம் வெட்டுதல். மடிந்து நைந்த ஓரத்தைக் கத்தரித்தால் தாள் அழகாகத் தெரியும் என்று சிலருக்குத் தோன்றும். வெட்டிப் போவது தாளின் பிறப்புச் சான்று.

5. மடிப்பை நீக்குதல்

பல ஆண்டு மடிந்து கிடந்த தாளை இழுத்து விரித்தால் மடிப்பில் பிளக்கும். முதலில் சிறிது ஈரப்பதம் காட்ட வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த துணியை விரியுங்கள். அதன்மேல் ஒரு வலைத்தட்டு. தட்டின்மேல் தாள். துணியோ தண்ணீரோ தாளில் படக்கூடாது. மூடி சில மணி நேரம் வைத்தால் தாள் தளர்ந்து கொடுக்கும். எடுத்து, இருபுறமும் ஒற்றுத்தாள் வைத்து, மேலே பலகையும் சீரான கனமும் ஏற்றி, ஒற்றுத்தாளை மாற்றி மாற்றி ஒரு வாரம் விடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. கையால் வண்ணம் தீட்டிய இடம் இருந்தால், ஈரப் பஞ்சுக்குச்சியால் ஒரு மூலையில் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இந்த முறையே வேண்டாம். பழைய பொறியாளர்கள் கையில் இருந்த தாள்களில் மடை எண்களையும் ஆயக்கட்டு எல்லையையும் மையாலும் வண்ணப் பென்சிலாலும் குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்புகள் வேறெங்கும் கிடைக்காதவை; அச்சைவிட அவற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

6. ஸ்கேன்

செலவு ஆகும் இடம் இதுதான். ஏ4 ஸ்கேனரில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம் என்ற யோசனையை விடுங்கள். ஒட்டிய இடமெல்லாம் பிசகும். கட்டட வரைபடம் நகலெடுக்கும் கடைகளில் அகல ஸ்கேனர் இருக்கும். நாங்கள் கேட்ட கடைகளில் வண்ண ஸ்கேனுக்குத் தாள் ஒன்றுக்கு நூறு ரூபாயிலிருந்து முந்நூறு ரூபாய் வரை சொன்னார்கள். சதுர அடிக் கணக்கா, தாள் கணக்கா என்பதை முன்பே கேளுங்கள். கட்டாகக் கொடுத்தால் குறைப்பார்கள். ஆனால் கட்டாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கடைக்காரரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள்: முழு வண்ணம், 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி), டிஃப் கோப்பு (தரம் குறையாத பட வடிவம்), பின்னணியை வெளுக்கும் வசதியும் கூர்மையாக்கும் வசதியும் அணைத்திருக்க வேண்டும், ஓரம் முழுவதும் வர வேண்டும்.

ஏன் 400? ஓரங்குலத் தாளில் ஓர் அங்குலம் ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர். 400 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி தரையில் நான்கு மீட்டர். தாளின் கோட்டுத் தடிப்புக்கு அது தாராளம். 24 அங்குலம், 28 அங்குலத் தாள் சுருக்கப்படாத டிஃப்பாக ஏறத்தாழ 320 எம்.பி. வரும். 600-இல் எடுத்தால் 720 எம்.பி.யைத் தாண்டும், நைந்த பொடி எழுத்து உள்ள தாளுக்கு மட்டும் அது தேவை. 300-க்குக் கீழே இறங்காதீர்கள். தாளை இரண்டாவது முறை உருளையில் ஏற்றும் நிலை வரக்கூடாது.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மலிவு. ஆனால் வண்ணப் பதிப்பில் சம உயரக் கோடு பழுப்பு, காடு பச்சை, சாலையும் குடியிருப்பும் சிவப்பு, நீர் நீலம். நீர் நிற்கும் நிலையும் வற்றும் நிலையும் நிறத்தாலேயே பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கண்மாயை உருப்பெருக்கியில் பாருங்கள்: கிழக்கிலும் தெற்கிலும் பிறைபோல வளைந்த தடித்த கரை, கரையிலிருந்து கிளம்பும் மயிரிழைக் கால்வாய்கள், மேற்கே நிலத்தோடு கரையும் நீர்ப்பிடிப்பு விளிம்பு. பின்னணி வெளுக்கும் வசதி இயங்கினால் அந்த மேற்கு விளிம்புதான் முதலில் அழியும். பிற்காலத்தில் ஆக்கிரமிப்பு நடந்ததும் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

கிழிந்த தாளையும் துணி ஒட்டிய தாளையும் உருளை ஸ்கேனரில் நேரடியாக விடாதீர்கள். ஒளிபுகும் பாலியெஸ்டர் உறைக்குள் வைத்து விடலாம். அதுவும் முடியாத நிலையில் இருந்தால் மேலிருந்து கேமராவில் எடுப்பவர்களைத் தேடுங்கள். கேமரா என்றால் இருபுறமும் சம வெளிச்சம், தாளுக்கு நேர் செங்குத்து, ஓரத்தில் ஓர் அளவுகோல், ஒரு வண்ண அட்டை. பின்பக்கத்தையும் எடுத்துவிடுங்கள், முத்திரை, கையெழுத்து, பதிவெண் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கடையை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு கோப்பையும் முழு அளவில் திறந்து நான்கு மூலைகளிலும் உள்ள பாகை எண்களைப் படித்துப் பாருங்கள். ஒரு மூலை படிக்க முடியாமல் போனாலும் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

7. கோப்புப் பெயரும் குறிப்பும்

58 கே/5 என்பதில் உள்ள சாய்கோட்டைக் கோப்புப் பெயராகக் கணினி ஏற்காது. அதற்குக் கீழ்க்கோடு போட்டு, எண்ணை இரண்டு இலக்கமாக எழுதுங்கள்: 58 கே, கீழ்க்கோடு, 05. அதன்பின் அளவெடுத்த ஆண்டு, அச்சு ஆண்டு, அளவு, எந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது. 5, 05 என்று கலந்து வைத்தால் வரிசை குலையும்.

பெயருக்குள் அடங்காததை ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள். அளவெடுத்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சு ஆண்டு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். 1915-இல் அளந்து, 1940-களில் சாலையும் ரயில் பாதையும் மட்டும் திருத்தி மறுஅச்சான தாளில் கண்மாய் 1915-இன் கண்மாய்தான். இந்த வேறுபாடு தெரியாமல் "1940-களில் கண்மாய் இவ்வளவு பெரிது" என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். தாளின் ஓரம் தெளிவாகச் சொல்லியும் படிக்காமல் விடுவதுதான் காரணம்.

8. இன்றைய நிலத்தில் பொருத்துதல்

இதற்குக் காசு செலவில்லை. க்யூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் என்ற கருவி இருக்கிறது. முதல் தாளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கை பழகினால் ஒரு மணி நேரத்தில் முடியும்.

ஓரங்குலத் தாளில் 5 கலைக்கு ஒரு கோடு அல்லது குறுக்குக் குறி இருக்கும். நீளத்தில் நான்கு, அகலத்தில் நான்கு, மொத்தம் 16 சந்திகள். பதினாறையும் எடுங்கள். மூலை நான்கு போதும் என்பது தவறு. பழைய தாள் இரண்டு திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. சிவகங்கை அட்சத்தில் 15 கலை உயரம் தாளில் 43.6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அளவுகோல் வைத்துப் பாருங்கள், எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை.

கலையைத் தசமமாக மாற்றாமல் அப்படியே எழுதுவது. 78 பாகை 25 கலை என்பது 78.41667. அதை 78.25 என்று எழுதினால் அது 78 பாகை 15 கலை. தாள் 18 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

தளக்குறிப்பு. அட்ச தீர்க்கத்தை எந்தப் பூமி வடிவத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதுதான் இது. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்து வரையப்பட்டவை. கைப்பேசி காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய தாளின் எண்களை நேராக 84-இல் இட்டால் தமிழ்நாட்டில் நூறு மீட்டருக்கும் மேல் பிசகும். கண்மாய்க்கரை பக்கத்து வயலில் போய் உட்காரும். ஜியோரெஃபரன்சரில் தளக்குறிப்பாகக் கல்யான்பூர் 1975 என்பதைத் தேர்ந்தெடுங்கள், மென்பொருளில் அதன் இ.பி.எஸ்.ஜி. எண் 4146. அதிலிருந்து டபிள்யூ.ஜி.எஸ். 84-க்கு மாற்றும்போது எந்த மாற்றுமுறை என்று மென்பொருள் கேட்டால் 295, 736, 257 என்ற மூன்று எண்கள் உள்ள முறையைத் தேர்ந்தெடுங்கள். நடைமுறையில் ஓரங்குலத் தாளுக்கு இது போதும்.

19-ஆம் நூற்றாண்டுத் தாளானால் இன்னொரு கண்ணி உண்டு. அக்காலத்தில் சென்னை வான்நோக்கு நிலையத்தின் தீர்க்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் 2 கலை 27 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) குறைத்தார்கள். நம் பகுதியில் அது நாலரைக் கிலோமீட்டர். உங்கள் தாள் முழுவதும் கிழக்கே ஏறத்தாழ அந்த அளவு தள்ளி நின்றால் வேறெங்கும் காரணம் தேட வேண்டாம். ஓரத்தில் தீர்க்கத்தைப் பற்றிய குறிப்பைப் படியுங்கள், எண்களிலிருந்து கழியுங்கள்.

உருமாற்ற முறை. முதலில் மென்பொருளில் பாலினாமியல் 2 எனப்படும் இரண்டாம் படி பல்லுறுப்புக் கோவை. குறைந்தது ஆறு புள்ளி கேட்கும், உங்களிடம் பதினாறு இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் எச்சப் பிழையும், அதாவது நீங்கள் கொடுத்த இடத்திலிருந்து அது எவ்வளவு விலகி விழுகிறது என்பதும், அட்டவணையில் தெரியும். ஒரு புள்ளி மட்டும் பெரிதாகத் துருத்திக்கொண்டு நின்றால் அது தட்டச்சுப் பிழை. எடுத்தவுடன் தின் பிளேட் ஸ்பிளைன் முறைக்குப் போகாதீர்கள். அது எல்லாப் புள்ளியையும் இழுத்துப் பிடித்துப் பிழை சுழி என்று காட்டும். தவறான எண்ணும் அதில் மறைந்துவிடும். தாள் அலையலையாக நெளிந்திருந்தால் மட்டும், எண்களைச் சரிபார்த்த பிறகு, அதைப் பயன்படுத்துங்கள்.

துண்டுகளாக வெட்டித் துணியில் ஒட்டிய தாள்களும் வரும். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் முழுத்தாளாகப் பொருத்தினால் எந்த முறையும் சரிவராது. ஒவ்வொரு துண்டையும் தனிக் கோப்பாக வெட்டித் தனித்தனியே பொருத்திப் பிறகு சேருங்கள். வெட்டுவது பிரதியில்தான், மூல ஸ்கேன் முழுத்தாளாக அப்படியே இருக்கட்டும்.

9. சரிபார்த்தல்

பொருத்திய தாளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். நூறு ஆண்டில் நகராதவற்றைப் பாருங்கள்: கோயில் கோபுரம், ரயில் பாதை பிரியும் இடம், பழைய கல்பாலம், பெரிய கண்மாய்க்கரையின் முனை, குன்றின் உச்சியில் முக்கோணக் குறியிட்ட அளவைப் புள்ளி. ஆற்றங்கரையையும் மண்சாலை வளைவையும் நம்பாதீர்கள். தாளின் நான்கு பக்கத்திலும் நடுவிலும் பரவலாகப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் தளக்குறிப்பில் தவறு. ஒரு மூலை மட்டும் நகர்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் புள்ளிகளில் தவறு.

10. கண்மாயை வரைந்தெடுத்தல்

பரப்பைக் கணக்கிட வேண்டும் என்றால் பாகையில் கணக்கிட முடியாது. உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். தளத்துக்கு மாற்றுங்கள். 78-ஆம் தீர்க்கம் தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. கோவை, நீலகிரி, திருநெல்வேலி 43-ஆம் மண்டலம், எண் 32643. மதுரை, சிவகங்கை, திருச்சி, சென்னை 44-ஆம் மண்டலம், எண் 32644.

கரையையும் நீர்ப்பரப்பையும் தனி அடுக்குகளாக வரையுங்கள். பெயர்க் கட்டத்தில் தாளில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்து, அடுத்த கட்டத்தில் ஊரார் இன்று சொல்லும் பெயரை எழுதுங்கள். பழைய தாளில் உயரம் அடியில் இருக்கும், மெட்ரிக் தாளில் மீட்டரில். கலந்துவிடாதீர்கள்.

எல்லையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். தாளில் கால் மில்லிமீட்டர்த் தடிப்புள்ள கோடு தரையில் 16 மீட்டர். "கண்மாய் மேற்கே இருநூறு மீட்டர் சுருங்கியிருக்கிறது" என்று இந்தத் தாளைக் காட்டிச் சொல்லலாம். "இந்த வீடு ஐந்து மீட்டர் உள்ளே இருக்கிறது" என்று சொல்ல முடியாது. சர்வே எண் வாரியான எல்லைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் புல வரைபடமும் அ-பதிவேடும் கேட்டு வாங்க வேண்டும். டோபோ தாளைப் பட்டா வழக்குக்குக் கொண்டுபோய் அதன் பெயரைக் கெடுக்காதீர்கள். நீர்வழி எங்கிருந்து எங்கே போனது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதற்கு இதைப் பயன்படுத்துங்கள்.

11. தாளையும் கோப்பையும் வைக்கும் முறை

தாள் தட்டையாக, அமிலமற்ற உறைக்குள், இரும்பு அலமாரியின் இழுப்பறையில் இருக்கட்டும். சுருட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் நான்கு அங்குலத்துக்குக் குறையாத குழாயின் வெளிப்புறத்தில், அமிலமற்ற தாள் சுற்றி, அதன்மேல் சுற்றுங்கள். தரையிலிருந்து உயரம் வேண்டும்; வெளிச்சுவரை ஒட்டக் கூடாது. இராமபாணப் பூச்சிக்கு வசம்பு, வேப்பிலை வைப்பவர்கள் துணிப்பையில் கட்டி மூலையில் வையுங்கள். தாளில் பட்டால் கறை ஏறும். நாலு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கோப்பு மூன்று இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு தனித்தனி வட்டுகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில், மூன்றாவது இணையத்தில். மூல டிஃப்பின்மேல் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். திருத்தம் எல்லாம் பிரதியில். ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் சரிபார்ப்பு எண் (செக்சம்) எடுத்து அட்டவணையில் எழுதினால், பல ஆண்டு கழித்துக் கோப்பு கெட்டதா இல்லையா என்று சொல்ல முடியும்.

உரிமை தீர்ந்த தாள்களை இன்டர்நெட் ஆர்க்கைவிலோ விக்கிமீடியா காமன்ஸிலோ ஏற்றலாம். ஏற்றும்போது முழுத்தாள், ஓரத்தோடு. படத்தை மட்டும் வெட்டி ஏற்றினால் அடுத்து வருபவர் ஆண்டும் தெரியாமல், பொருத்தவும் முடியாமல் தவிப்பார். பொருத்திய கோப்பையும், பயன்படுத்திய 16 புள்ளிகளின் பட்டியலையும் கூடவே வையுங்கள். விளக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள். கண்மாய்ப் பெயரைத் தமிழில் தட்டித் தேடும் ஊர்க்காரருக்கு அது கிடைக்க வேண்டும்.

தாளைக் கொடுத்தவருக்குத் திருப்பித் தரும்போது மூலத்தோடு ஒரு நல்ல அச்சுப்பிரதியும், கோப்புகள் உள்ள பென் டிரைவும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கண்மாயின் பாசன விவசாயிகள் சங்கத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி அச்செடுத்துக் கொடுங்கள். அகல அச்சுக்கு ஆகும் செலவை முதல் நாள் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.